பலகை சொன்னால்தான்

பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடி இருந்தது. அதன் தண்டில் மெல்லிய ஒயரை ஒட்டி, பக்கத்துத் திரையோடு இணைத்திருந்தார்கள். செடிக்குள் மின்சாரம் ஓடுவதை வருகிறவர்கள் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் அவர்கள் கண்டதெல்லாம் வெறும் நேர்கோடுதான். ஏனென்றால் தொட்டிக்கு முன்னால் ‘தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை நின்றது.

“நான் இல்லேன்னா உன் கதி என்னாகும், யோசிச்சியா?” என்றது பலகை.

“யாராவது தொட்டாத்தானே அண்ணே அந்தத் திரையில எனக்குப் பேச்சே வரும்” என்றது செடி. பலகை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். பலகையைப் படித்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். செடிக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

பின்வரிசையில் நின்ற செண்பகவல்லிக்குப் பலகை தெரியவில்லை, இலை மட்டும் தெரிந்தது. இரண்டு தோள்களுக்கு நடுவே கையை நீட்டித் தொட்டாள். இலை மடங்கியது. திரையில் கோடு துள்ளி எழுந்தது.

ஆய்வாளர் எழினி விறுவிறுவென்று வந்து பலகையைக் கையில் எடுத்தார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘வரிசையில் வந்து தொடவும்’ என்று எழுதி வைத்தார்.

வரிசை வாசல்வரை நீண்டது.

“பார்த்தியா” என்றது பலகை. “நான் சொன்னாத்தான் உன்னை நாலு பேர் தொடறாங்க.”