கர்ட்டிஸ் எடுத்த பல் இன்ஷூரன்ஸ்

"இது உனக்குக் கட்டுப்படியாகாது கர்ட்டிஸ்," என்றாள் நோரீன்.

தொழிற்சாலை கேன்டீனின் மூலை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நவம்பர் வந்தால் அவள் மாடி அலுவலகத்திலிருந்து இறங்கி வந்துவிடுவாள். அடுத்த வருடத்துக்கு யாருக்கு என்ன இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பதிவு செய்வாள். இன்றோடு கடைசி. கர்ட்டிஸ்தான் கடைசி ஆளும்.

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய கையுறையைக் கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"பல்லுக்குக் கிளிப் போடணும்னா ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வாங்க. அதுக்கப்புறமும் செலவுல பாதிகூடத் தேறாது. ஆனா வாராவாரம் உன் சம்பளத்துல பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. பொண்ணுக்குத்தான் ஏற்கனவே இருக்குன்னு சொல்றியே."

"அது அவனோடது."

"யாரோடது?"

"ஷெர்ரி இப்பக் கட்டிக்கிட்டிருக்காளே, அவனோடது."

முன்னாள் மனைவியின் புதுக் கணவன் பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கிரெக்.

போன ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில்தான் பார்த்தான். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, திருடன் மாதிரி. கிரெக் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்தில் பொண்ணு மேடி. பன்னிரண்டு வயதுக்கு நன்றாக வளர்ந்திருந்தாள். எதற்கோ சிரித்தாள். வாயெல்லாம் கம்பி.

கிளிப் போட்டது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

வண்டியில் சூப், புட்டிங், வாழைப்பழம். மேடி ஆப்பிள் பக்கம் கை நீட்டியபோது கிரெக் தடுத்தான். "பாலத்துக்கிட்ட பல் ஆஸ்பத்திரியில கிளிப்பை இறுக்கினதிலிருந்து வலிக்குதுன்னியே? வீட்டுல சின்னச் சின்னதா நறுக்கித் தர்றேன்," என்றான். அவளும் சரியென்று தலையாட்டினாள்.

அந்த 'நறுக்கித் தர்றேன்' கர்ட்டிஸின் நெஞ்சில் இன்னும் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது.

மேடிக்கு முதல் பல் ஆடியபோது, பிடுங்கிவிடுவார்களோ என்று அவள் பயந்து ஒளிந்தது கர்ட்டிஸின் முதுகுக்குப் பின்னால்தான். விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு, பல்லுக்குப் பதிலாகத் தேவதை வைத்ததாக நம்பவைத்துக் காசு வைத்தவனும் அவன்தான். பால் பற்கள் அத்தனையும் அவன் கைக்குத்தான் வந்தன. முளைத்து வந்த பற்களோ கிரெக்கின் பொறுப்பில் போய்விட்டன.

"இங்க பாரு," என்று நோரீன் இன்னொரு முறை பொறுமையாகச் சொன்னாள். "ரெண்டு பேரும் போட்டாலும், பிள்ளை எந்த வீட்டுல இருக்கோ அந்த வீட்டுக்காரங்களோடதுதான் முதல்ல. மிச்சம் மீதிக்குத்தான் உன்னோடது. நீ ரெண்டாவதுதான்."

"ரெண்டாவதுன்னாலும் கார்டுல என் பேரு இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்ப போடுங்க."

நோரீன் பெருமூச்சு விட்டாள். "உன் பணம், உன் இஷ்டம். கம்பெனி பிக்னிக்குக்குக் கூட்டிட்டு வருவியே, மேடிதானே? பிறப்புச் சான்றிதழை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடு. அதுல உன் பேரு இருந்தா போதும்."

கர்ட்டிஸ் கையுறையைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அதுல என் பேரு இல்ல," என்றான்.

ஷெர்ரியை அவன் கட்டிக்கொண்டபோதே மேடிக்கு இரண்டு வயது. பெற்றவன் அதற்கு முன்பே டெக்சாஸ் பக்கம் போனவன், திரும்பிப் பார்க்கவில்லை. மேடி அப்பா என்று கூப்பிட்டது கர்ட்டிஸைத்தான். விவாகரத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்பிவைத்துக்கொண்டிருந்த ஷெர்ரி, கிரெக் வந்த பின், "பிள்ளை குழம்பிப்போறா, கொஞ்ச நாள் வேண்டாமே," என்றாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

"முறைப்படி தத்து எடுத்தியா?"

"வீட்டுக்குள்ளயே இருக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்குன்னு இருந்துட்டேன்."

நோரீன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அவ அம்மா இன்னைக்கும் உன் பெண்டாட்டியா இருந்தா போட்டிருக்கலாம் கர்ட்டிஸ். இப்ப அது..."

கிரெக்கும் பெற்றவன் இல்லை. ஆனால் ஷெர்ரியின் கணவன் என்பதால் அவனால் போட முடியும்.

பின்னால் யாரோ காபி மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நோரீன் லேப்டாப்பை மூடப் போனாள்.

"எனக்கு மட்டும் போடுங்க," என்றான் கர்ட்டிஸ்.

"உனக்கா? உன் பல்லுக்கு என்ன கேடு? இத்தனை வருஷத்துல நீ பல் டாக்டரைப் பார்த்ததே இல்லைன்னு பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிவியே."

"பாலத்துக்குப் பக்கத்துல ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்குல்ல. அது இதுல வருமா?"

தேடிப் பார்த்தாள். "வரும். ஆனா நீ சும்மா சுத்தம் பண்ணிட்டுத்தான் வருவே. அதுக்குக் கைக்காசைக் குடுத்தாலே இதைவிடக் குறைச்சலா முடியும். வீண் செலவு."

"பரவாயில்ல."

அவள் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். அவன் கொஞ்சம் முன்னால் குனிந்தான்.

"கிளிப் இறுக்க வர்ற பிள்ளைங்களும் அதே காத்திருக்கிற கூடத்துலதானே உட்கார்ந்திருப்பாங்க?" என்று கேட்டான்.

நோரீன் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு அவன் பெயரை எழுதி முடித்தாள்.