பத்தாயம் நின்ற இடம்

1969 மாசி மாதம், திருவையாற்றுக்கு வடக்கே ஒரு கிராமத்தில், அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்பதற்காகப் பண்ணைவீட்டுக்குள் போன மரியஅந்தோணி திரும்பி வரவில்லை. பம்பாய்க்கு ஓடிவிட்டார் என்று விசாரணை முடிந்தது.

2003 மாசியில், அதே வீட்டின் கூடத்துச் சுவருக்கு அவருடைய மகள் அக்னஸ் பழைய அழுக்கைப் பூசிக்கொண்டிருந்தாள்.

தொலைக்காட்சிக்கான குற்றத் தொடர் அது. நகைக்காக ஒரு மிராசுதார் கொலையாகும் கதை. மரியஅந்தோணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கதை நடக்கும் ஆண்டு மட்டும் 1969.

கலை இயக்குநர் அக்னஸ். படப்பிடிப்புக்கு இந்த வீட்டைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான்.

ஏன் இந்த வீடு என்று இயக்குநர் யூனுஸ் கேட்டபோது, தூண்கள் நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டாள். அப்பா கடைசியாகத் தாண்டிய நிலைப்படியைத் தானும் ஒருமுறை தாண்ட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் அவளுடைய அம்மா ஆரோக்கியம், சிலுவை கோத்த தாலியோடு இன்னும் இருந்தார். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேரோடும்.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் வைரக்கண்ணு செட்டைப் பார்க்க வந்தார். 1969 மாசியில் அவர் பண்ணையாரின் ஒரே மகன், கல்லூரி மாணவர்.

இப்படிப் பார்க்க வருகிறவர்களுக்காக அக்னஸ் எப்போதும் ஒரு தப்பைக் கண்ணில் படும்படி விட்டுவைப்பாள். அதைப் பிடித்த சந்தோஷத்தில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போவார்கள். இன்று சுவரில் ஒரு பேட்டரி கடிகாரம்.

"ஏம்மா, அறுபத்தொம்பதுல ஏது பேட்டரி கடிகாரம்? எங்கப்பா இருந்திருந்தா அதோட உன்னையும் சேத்து வாசல்ல வச்சிருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அக்னஸும் சிரித்தபடி கடிகாரத்தைக் கழற்றினாள்.

வைரக்கண்ணு போகவில்லை.

சமையல்கட்டுச் சுவரோரம் நின்ற பத்தாயத்திடம் போனார். நெல் கொட்டிவைக்கும் ஆளுயர மரப்பெட்டி. அக்னஸ் பிளைவுட்டில் செய்து சாயம் ஏற்றியிருந்தாள். விரல் முட்டியால் தட்டினார். வெற்றுப்பெட்டி சத்தம் போட்டது.

"இது இங்க வராதும்மா."

"இங்கதான் இருந்துச்சுன்னு சொன்னாங்க ஐயா."

"யாரு சொன்னா?"

அக்னஸ் கையிலிருந்த பிரஷ்ஷைத் துடைத்தாள். சொன்ன அம்மா இந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. கூலிக்காரர்கள் கொல்லை வாசலோடு நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் நேரே தெரிந்தது பத்தாயம் மட்டும்தான்.

"பக்கத்து ஊர்ல விசாரிச்சோம்."

"அவங்க சொன்னதும் சரிதான், முன்னாடி இங்கதான் இருந்துச்சு. ஆனா உங்க கதை பங்குனியிலன்னுல்ல டைரக்டர் சொன்னாரு? அதுக்குள்ள இடம் மாறிடுச்சு. மாசியிலேயே மாத்திட்டோம்."

எதிர்ச் சுவருக்கு நடந்தார். குதிகாலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

"இதோ, இங்க."

யூனுஸ் பெட்டியைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டார். இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அது சுலபமாக எழும்பியது.

அக்னஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பத்தாயத்தை நகர்த்துவதென்றால் ஆடியில் நகர்த்துவார்கள், நெல் தீர்ந்து அடிப்பலகை தெரியும்போது. தையில் சம்பா அறுத்துக் கொட்டிய பிறகு, மாசியில், அதை யாரும் தொடமாட்டார்கள். அத்தனை நெல்லையும் வெளியே அள்ளினால்தான் அசையும். இது அவளுக்குத் தெரியும். வைரக்கண்ணுவுக்கும் தெரியும். யூனுஸுக்குத் தெரியாது.

"மாசியிலயா ஐயா? நெல்லோடயா?"

 

பெட்டியைத் தூக்கியவர்கள் எங்கே வைப்பது என்று கேட்டு நின்றார்கள். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வைரக்கண்ணு குதிகாலை அந்த இடத்திலிருந்து எடுத்தார். ஓர் எட்டு தள்ளி வைத்தார்.

காலையிலிருந்து முதன்முறையாக அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார். நெற்றியை, மூக்கை, தாடையை.

"நீ யாரு பொண்ணு?"

"மரியஅந்தோணி பொண்ணு."

இரண்டு பேரும் பெட்டியை அங்கேயே, கூடத்தின் நடுவில், இறக்கி வைத்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வைரக்கண்ணு. லாரியில் சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அக்னஸ் யூனுஸை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். கேட்டதைக் கேட்டபடி யூனுஸ் வாக்குமூலம் கொடுத்தார்.

தொடரை வேறு வீட்டில் எடுத்தார்கள்.

பங்குனியில், கோட்டாட்சியர் முன்னிலையில், எதிர்ச் சுவரோரம் தரை உடைக்கப்பட்டது. மரியஅந்தோணி கிடைத்தார்.

அடக்கப் பூசை முடிந்து வீடு திரும்பியதும், ஆரோக்கியம் தாலியைக் கழற்றினார்.