செவலைக் காதில் மஞ்சள் தோடு

பசறைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையின் தகர ஓட்டைகள் வழியாகக் காலை வெயில் ஒன்பது நாள் கிடேரிக் கன்றின் முதுகில் புள்ளி புள்ளியாக விழுகிறது. தாயைப் போலவே முழுச் செவலை. எதிரே, மாடுகளுக்குச் சினை ஊசி போடும் உத்தியோகத்தர் மதிவண்ணன், 'டொக்டர்' என்று கூப்பிட்டால் மறுக்காதவர், எண் பொறித்த மஞ்சள் காதுத்தோட்டைக் குத்தாமல் கையில் உருட்டிக்கொண்டிருக்கிறார். சீமைக் கலப்புக் கன்றுக்குத்தான் தோடு; தோடு ஏறினால்தான் மானியத் தீவனம். "நான் போட்டது சீமைக் காளையோட ஊசி. கன்னு கறுப்பு வெள்ளையா இருக்கணும். செவலைக்குப் பால் வராது" என்கிறார். கன்றின் கயிற்றைப் பிடித்திருக்கும் யசோதினி, "நெறமும் பாலும் ஒரே கயித்துலயா டொக்டர் கட்டியிருக்கு? நெறம் தாய்கிட்ட இருந்து வந்தா, பாலு தகப்பன்கிட்ட இருந்து வரக்கூடாதா?" என்று கேட்கிறாள். "இது மரபணு விசயம். உங்களுக்கு வெளங்காது." அவர் நீண்ட மூக்கின் மேல் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார். "ஆமாங்க. முன்ன ஒங்க அப்பாதான் ஊசி போட வருவாரு. அந்த மூக்கு அப்படியே வந்திருக்கு." உத்தியோகத்தரின் முகம் மலர்கிறது. யசோதினி தொடர்கிறாள்: "மாட்டப் பாத்துச் சொல்ற அவரு ஞானந்தான் கூட வரல." பால் வாளி கழுவும் பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கன்று உத்தியோகத்தரின் விரலைச் சப்புகிறது. அவர் இருமுகிறார், பதிவுப் படிவத்தில் நிறம் என்ற இடத்தில் 'கறுப்பு வெள்ளை' என்று எழுதுகிறார், பிறகு செவலைக் காதைப் பிடித்துத் தோட்டைக் குத்துகிறார்.