பிரேமனில் ஒரு பெண்டாட்டி

ஹென்னிங்குக்கு இந்தப் பிரேமன் நகரத்தில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று உல்ரிக்கா முடிவு கட்டியபோது காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

பின்னே? மழை விட்டு வெயில் அடிக்கிறது. இவனோ கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, தொப்பியைப் புருவம்வரை இழுத்துக்கொண்டு, சொந்த ஊரிலேயே திருடனைப் போலச் சந்து சந்தாக நுழைந்து நடக்கிறான்.

மூனிக்கில் ஒரு வருஷமாக அவளோடு பழகுகிறவன். போன வாரம்தான் மோதிரத்தை நீட்டி, "கட்டிக்கிறியா?" என்று கேட்டான். "முதல்ல உன் ஊரைக் காட்டு, அப்புறம் சொல்றேன்" என்று மோதிரத்தை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இன்று மாலை ஆறு மணி ரயில் ஏறுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

ஊர் அவளுக்கு அடியோடு பிடிக்கவில்லை. வீடுகளைப் பார்த்தால் குருவிக்கூடு. சாப்பாட்டைக் கேட்டால், விடிந்ததும் விடியாததுமாக ரொட்டிக்குள் உப்பு மீன்.

"இதையா இத்தனை வருஷம் தின்னே?"

"முப்பது வருஷம். அப்புறம்தான் உங்க ஊருக்கு வந்துட்டேனே!"

நகர மண்டபத்தை ஒட்டி ஒரு வெண்கலக் கழுதை. அதன் முன்னங்கால்களைப் பிடித்தால் நினைத்தது நடக்குமாம். உல்ரிக்கா போனால் போகிறதென்று ஒரு கையால் தொட்டாள்.

"ரெண்டு கையாலயும் பிடி. ஒரு கையால பிடிச்சா, ஒரு கழுதை இன்னொரு கழுதைக்குக் கை கொடுக்குதுன்னு இங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கழுதை காலைப் பிடிக்கிற ஊருக்குச் சிரிப்பு வேறயா?"

அப்போது மூலைக்கு அந்தப் பக்கமிருந்து கைப்பிடியைச் சுற்றினால் பாடும் பெட்டி வாத்தியத்தின் சத்தம் கேட்டது. ஹென்னிங் அவள் கையைப் பிடித்து எதிர்த் திசையில் இழுத்தான்.

"அங்க என்ன இருக்கு?"

"பெரிய தேவாலயம். வெறும் படிக்கட்டுதான், பார்க்க ஒண்ணுமில்ல."

காபிக் கடையில் மேசைக்கு வந்த பெண்ணுக்கு உல்ரிக்காவின் வயசுதான் இருக்கும். ஹென்னிங்கைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "அட, நீயா! இவங்களைத் தேவாலயத்துப் பக்கம் கூட்டிட்டுப் போனியா, இல்லையா?"

அவன் காது சிவந்துவிட்டது. பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

தேவாலயம் என்றால் கல்யாணம். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உல்ரிக்கா மருந்துக் கடை நடத்துகிறவள், வருகிறவனின் முகத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவாள். அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"நான் அந்தத் தேவாலயத்துக்குத்தான் போறேன். வர்றதுன்னா வா" என்று விடுவிடுவென்று நடந்தாள். அவன் பத்தடி பின்னால் வந்தான்.

தேவாலயத்துக்கு முன்னால் ஒரே கூட்டம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி உடுத்திய ஒருவன் படிக்கட்டில் சிதறிக் கிடந்த பாட்டில் மூடிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தான். பெருக்கப் பெருக்க, அவன் சிநேகிதர்கள் மூடிகளை மறுபடியும் வாரி இறைத்தார்கள். பக்கத்தில் ஒரு கிழவர் அந்தப் பெட்டி வாத்தியத்தின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இது என்ன கூத்து?"

கூட்டத்தில் நின்ற ஒரு அம்மாள் சொன்னாள். "எங்க ஊர் வழக்கம்மா. முப்பது வயசாகியும் கல்யாணம் ஆகாதவன் பிறந்த நாளன்னிக்கு இதைப் பெருக்கணும். கன்னிப் பொண்ணு ஒருத்தி வந்து முத்தம் கொடுத்தாத்தான் துடைப்பத்தைக் கீழ வைக்கலாம்."

"எங்க ஊர்ல குப்பை அள்ள நகராட்சி இருக்கு. இந்தக் கோமாளிக்கு எவ வந்து முத்தம் கொடுப்பா?"

"யாராவது வந்துடுவாங்கம்மா. அதெல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்."

உல்ரிக்கா திரும்பினாள். ஹென்னிங் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான்.

"இங்க வா. நீ இதைப் பெருக்கினியா?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"பெருக்கலைன்னா முப்பதுக்கு முன்னாடியே உனக்குக் கல்யாணம் ஆயிருக்கு. வேற அர்த்தம் இருக்கா?"

"பெருக்கினேன்."

"அப்ப முத்தம் கொடுத்தவ யாரு? பேரைச் சொல்லு!"

அவன் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான். முகம் அடுப்பில் வைத்தது போலச் சிவந்தது.

"பேர் சொல்ல வாய் வரலையா? அவளைத்தானே கட்டிக்கிட்டே? காபி கொண்டு வந்து வச்சுட்டுப் பல்லைக் காட்டினாளே, அவதானே?"

உல்ரிக்கா கைப்பையைத் திறந்து மோதிரத்தை எடுத்தாள். "இந்தா, கொண்டுபோய் உன் பெண்டாட்டி விரல்லயே போடு!"

அவள் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது. துடைப்பம் நின்றது, வாத்தியமும் நின்றது. கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெல்ல வந்து, ஹென்னிங்கின் தொப்பிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"டேய், ஹென்னிங்! பொழுது சாயுற வரைக்கும் பெருக்கியும் முத்தம் கொடுக்க ஒருத்திகூட எட்டிப் பார்க்கலைன்னு, துடைப்பத்தை வீசிட்டு அழுதுகிட்டே ஓடினவன்தானே நீ?"

பிறகு உல்ரிக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பரவாயில்லடா, இந்தத் தடவை கையோட ஒருத்தியைக் கூட்டிட்டு வந்துட்டே!"