அடுப்படிக்கு வந்த கடல்

"கடல் உங்க வீட்டு அடுப்படிக்கு எப்படிம்மா வரும்? பஸ் பிடிச்சா?"

மூன்று வருடங்களுக்கு முன் ஒருவர் அவளிடம் கேட்ட கேள்வி. சுற்றியிருந்த நாற்பது பேர் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்று குனியவில்லை.

"நாங்க குழாயை உடைக்கலை. காலி பண்ணவும் மாட்டோம்."

அடுப்படியில் மண்டியிட்டு, வெடித்திருந்த செங்கல் தரையைத் தட்டிக்கொண்டிருந்த நகராட்சி என்ஜினியரம்மா நிமிர்ந்தார்.

"கேட்டீங்களா மேடம்?" என்றார் வீட்டுக்காரர். "வாயில விரல் வச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி இருக்கும். பேச்சைப் பாருங்க! குழாயை உடைச்சுட்டாங்கன்னு எழுதிக் கொடுங்க. நாளைக்கே வெளியேத்திடறேன்."

அம்மா மகளின் கையைப் பிடித்தாள். "சும்மா இருடி. சார்கிட்ட எதிர்த்துப் பேசாத."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"கடல் உள்ள வரலை மேடம். அங்க ஓதம் ஏறி கடல் மட்டம் உயர்ந்தா, மண்ணுக்கடியில இருக்கற தண்ணியை நெருக்குது. அது போக்கிடம் இல்லாம இந்த விரிசல் வழியா மேல வருது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூணு நாள். தினமும் ஐம்பது நிமிஷம் தள்ளி. உடைஞ்ச குழாய் நேரம் பார்த்தா ஒழுகும்?"

என்ஜினியரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பழைய கரையோர ஊர்ல நடக்கறதுதான். அப்படின்னா தரையை உயர்த்தித் தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. நீங்க இங்கேயே இருக்கலாம். ஆனா இன்னிக்குத் தரை காய்ஞ்சு கிடக்கே. எதை வச்சு எழுதறது?"

மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மூன்று நோட்டுகளை அவள் எடுத்து நீட்டினாள். பக்கம் பக்கமாக நாள், நேரம், தண்ணீர் நின்ற உயரம்.

"நேத்து உட்கார்ந்து எழுதியிருப்பா," என்றார் வீட்டுக்காரர். "கதை கட்டறதுல கெட்டிக்காரி."

"வெளியாள் யாராவது குறிச்சு வச்சது இருக்காம்மா?"

கடைசி நோட்டின் அட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த கடிதம் வந்தது. என்ஜினியரம்மா வாய்விட்டுப் படித்தார்.

"ஒன்பதே முக்கால். மறுநாள் பத்து முப்பத்தஞ்சு. அதுக்கு மறுநாள் பதினொண்ணு இருபத்தஞ்சு. பதினைஞ்சு நாள் கழிச்சு மறுபடி ஒன்பதே முக்கால்..." கைபேசியில் அந்தத் தேதிகளின் ஓத நேரங்களைத் தேடினார். "ஒவ்வொண்ணும் ஓதம் ஏறி சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு. அச்சு அசலா ஒத்துப்போகுதே! என்னம்மா இது?"

"தண்ணியை இறைச்சுக் கொட்டிட்டு நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த நேரம். ஓயாம லேட்டா வர்றேன்னு மூணு வருஷம் முன்னாடி என்னை நீக்கின கடிதம்."

"கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்? அந்தத் தலைமையாசிரியரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"கேளுங்களேன் மேடம். உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கறார்."

என்ஜினியரம்மா திரும்பினார். வீட்டுக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல், கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.