பேர் உள்ளவர்களுக்கு மட்டும்

“வாயைத் தொற.”

அங்கம்மா வாயைத் திறந்தாள். தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிரசர் மரியநாதன் குனிந்து பார்த்தார். நாக்குக்கு அடியில் கொயினா மாத்திரை அப்படியே இருந்தது.

பெரட்டுக்கு நின்றிருந்த கூட்டம் சிரித்தது. காலையில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் மலேரியாக் காய்ச்சல் வராமலிருக்க ஆளுக்கொரு கொயினா மாத்திரை கொடுத்து, முழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது மரியநாதனின் வேலை. முதல் மாத்திரையை எல்லோரும் பார்க்கத் தாமே முழுங்கிக் காட்டுவார். மனிதர் வேலையில் அவ்வளவு கறார்.

“நேத்தே சந்தேகப்பட்டேன். சரி போகட்டும்னு விட்டேன். மாத்திரை போட்டா காது அடைச்சுக்கும்னு பயமா? என்னன்னு சொன்னாத்தானே தெரியும்?”

அங்கம்மா வாயை மூடிக்கொண்டாள். மரியநாதனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

ஏறாதா பின்னே? ரப்பர் விலை படுத்துக் கிடந்த அந்த வருஷம்தான் புதுத் திட்டம் வந்திருந்தது. அதுவரை தோட்டத்திலேயே சின்னதாக ஒரு மருந்துக் கொட்டகை இருந்தது. யார் குவளையை நீட்டினாலும் மரியநாதன் மருந்தை ஊற்றிக் கொடுத்துவிடுவார். பேர்கூடக் கேட்க மாட்டார். இப்போது குளுவாங் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெரிய ஆஸ்பத்திரி. வேலைக்குப் பேர் பதிந்த ஆட்களுக்கு, தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் பணம் கட்டிவிட வேண்டும். இரும்புக் கட்டிலும் வெள்ளைக்கார டாக்டரும் வந்துவிட்டார்கள் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். பேர் பதியாதவர்களுக்கு மருந்தே கிடையாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது. மாத்திரையும் அங்கிருந்து தலையை எண்ணித்தான் வந்தது.

மரம் சீவுகிற பேச்சியம்மாள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

“டிரசர் ஐயா, இவளை இன்னையோட நிறுத்திடுங்க. எங்க புள்ளைங்களைப் பாத்துக்கிற ஆயா இவ. மருந்தைத் துப்பித் துப்பி, தன் காய்ச்சலை என் மகனுக்கு ஒட்ட வச்சுட்டா. அவன் நடுங்கிக்கிட்டுக் கெடக்கான். மருந்து கேட்டு ஒங்க கால்ல விழுந்தேனே, என்ன சொன்னீங்க?”

என்ன சொன்னார் என்பது ஊருக்கே தெரியும். பேர் பதியாத பிள்ளைக்கு மருந்து கொடுக்க உத்தரவில்லை என்று சொன்னார். சொன்ன நாளிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மருந்து கிடைக்காமல் அந்தப் பிள்ளை கிடக்க, கைக்கு வந்ததைத் துப்ப நினைக்கிற இவளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

“என் கண்ணு முன்னாடி முழுங்கு.”

அங்கம்மாவின் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். அவர் நீட்டிய தண்ணீரை வாங்கி முழுங்கினாள்.

“திரும்பத் தொற.”

திறந்தாள். வாயில் ஒன்றும் இல்லை. கூட்டத்துக்குத் திருப்தி. பேச்சியம்மாள் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள் நின்றால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள்.

மரியநாதன் தோட்டத்துத் துரையிடம் போய்ச் சொன்னார். ஆயாவை மாற்றச் சொல்லித் துரை உத்தரவு போட்டார். அதை அங்கம்மாவிடம் சொல்ல, வெயில் ஏறியதும் மரியநாதனே ஆயாக் கொட்டகைக்குப் போனார்.

கொட்டகையில் துணித் தூளிகள் வரிசையாகத் தொங்கின. பேச்சியம்மாளின் மகன் அங்கம்மாவின் மடியில் கிடந்தான். பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை மரியநாதன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

கசந்தது. அவருக்குத் தெரியாத கசப்பா அது?

“எப்பலேர்ந்து?” என்றார்.

“இவன் படுத்த மறுநாள்லேர்ந்து, ஐயா. வாயில அடக்கிட்டு வந்து, நுணுக்கி, சீனில கொழைச்சுக் கொடுப்பேன். நேத்துதான் கண்ணு முழிச்சுக் கஞ்சி கேட்டான்.”

“பேச்சியம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா அவ சந்தோஷத்துல லயத்து வீடுங்க பூரா சொல்லிடுவா. தொர காதுக்குப் போகும். அப்புறம் உங்களையில்ல கேப்பாரு?”

மரியநாதனுக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வந்த காரியத்தைச் சொல்ல நாக்கு வரவில்லை.

மடியில் கிடந்த பிள்ளைக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அங்கம்மா தன் முந்தானையையும் சேர்த்து அவனைப் போர்த்தினாள். மரியநாதன் பதறிப்போய்ப் பையிலிருந்த டின்னை எடுத்துத் திறந்தார். அது காலியாக இருந்தது.

அங்கம்மா அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

“இன்னைக்கு என்னை முழுங்க வச்சுட்டீங்களே ஐயா. இப்ப இவனுக்கு நான் என்னத்தைக் கொடுக்கிறது?”