எண் சிறுசு, வாய் பெருசு

“இது ஆட்டக்காரனா, ஆவியா?”

கேமராத் திரையைப் பார்த்துக் கேட்டவர் அந்தக் கேமராக் கடையின் மூத்த விற்பனையாளர். லென்ஸ் புலவர் என்று அவருக்குப் பட்டம், கொடுத்துக்கொண்டவரும் அவரேதான். திரையில் ஒரு வெள்ளைப் புகை பேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“போன வாரம் எடுத்தது சார். உள்ளரங்கு ஷட்டில். வெளிச்சம் கம்மி, ஃப்ளாஷும் போட முடியாது” என்றாள் லென்ஸ் வாங்க வந்த பெண். “நாளைக்குள்ள தெளிவா ஒரு படம் குடுக்கலன்னா ஆபீஸ்ல என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க.”

“பத்திரிகைக்காரங்களே இப்படித்தான்” என்று அவரே முடிவுகட்டினார். கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. “எடுத்த கைக்குத்தான் வேலை தெரியல. ஆள் என்னமா ஆடறான், தோள் முழுசா சுத்தி வருது பாருங்க.”

“ஆமா சார். தோள்தான் முக்கியம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.”

அலமாரியிலிருந்து இடது கையால் ஒரு லென்ஸை எடுத்தார். வலது கை கழுத்துப் பட்டையில் தொங்கியது.

“கைக்கு என்ன சார்?”

“பைக் இடிச்சிடுச்சும்மா. மூணு மாசமா டம்ளர்கூடத் தூக்க முடியல. அதை விடுங்க. உங்க ஜூமெல்லாம் கேக் வெட்டறதை எடுக்கத்தான். இது ஒண்ணு புள்ளி எட்டு. எண் சிறுசுன்னா வாய் பெருசு. வாய் பெருசா இருந்தாத்தான் வெளிச்சம் உள்ள வரும்.”

அவர் விஷயத்தில் எல்லாம் வெளியேதான் வந்துகொண்டிருந்தது.

“எம்பிக் குதிக்கும்போதும் தெளிவா விழுமா சார்? வாங்கிட்டுப் போய் ஏமாந்துட்டேன்னா…”

புலவருக்கு அது மானப் பிரச்சினை. “என் வார்த்தையில சந்தேகமா? மாட்டுங்க லென்ஸை. ஷட்டரை செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கு வைங்க. வாங்க என்கூட.”

பின்பக்கக் கோடவுனில் ஒரே ஒரு டியூப்லைட், அதற்கும் அரை உயிர். அவளை இந்தக் கோடியில் நிறுத்திவிட்டு அவர் அந்தக் கோடிக்குப் போனார். பட்டை இடைஞ்சலாக இருந்தது. கழற்றி ஓர் அட்டைப்பெட்டியின்மேல் போட்டார். மடக்கி வைத்திருந்த டிரைபாடை வலது கையில் பேட்டாகத் தூக்கினார்.

“நான் எம்பினதும் அழுத்துங்க.”

எம்பினார். இல்லாத இறகுப்பந்தை, இல்லாத எதிராளியின் மூக்கு உடைகிற மாதிரி ஓங்கி அடித்தார்.

கிளிக்.

திரையில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. மூக்கு முடிகூடத் தெரிந்தது.

“சொன்னேன்ல? பில் போட்டுடலாமா?”

“வேணாம் சார், படம் கிடைச்சிடுச்சு.” லென்ஸைக் கழற்றி அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தாள். அதன்மேல் தன் விசிட்டிங் கார்டையும் வைத்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனி. விபத்து இழப்பீடு, விசாரணைப் பிரிவு.

புலவரின் இடது கை அவசரமாகப் பட்டையைத் தேடியது.

“அந்த ஆவியும் நீங்கதான் சார்.”